ட்ரஸ் ராடைத் திருகிய பின் முதல் ஃபிரெட்டுகளில் கரகரப்பு: கழுத்தின் வளைவை எப்படிச் சரிபார்ப்பது?

புதுவிரல்:

எஃகுத் தந்திகள் பூட்டிய அக்கூஸ்டிக் கிதார் ஒன்றை இரண்டு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். தந்திகள் ஃபிரெட்டுகளுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு) மேலே அதிக உயரத்தில் நிற்பதால், ஏழாம் ஃபிரெட்டைத் தாண்டி பார் கார்டு (ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பிடி) பிடிக்கும்போது விரல் விரைவில் சோர்ந்துவிடுகிறது. கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை, அதாவது எஃகுத் தண்டை, இறுக்கினால் உயரம் குறையும் என்று ஒரு காணொளியில் பார்த்து, ஒலித்துளை வழியாக அறுகோண ஆலன் சாவியை நுழைத்து வலஞ்சுழியாக அரைச் சுற்றுத் திருகினேன். 12ஆம் ஃபிரெட்டில், கனத்த ஈ தந்தியின் அடிப்பக்கத்துக்கும் ஃபிரெட்டின் உச்சிக்கும் இடையே 3.2 மி.மீ. இருந்தது 2.8 மி.மீ. ஆகக் குறைந்தது. ஆனால் முன்பு தெளிவாக ஒலித்த முதல் நான்கு ஃபிரெட்டுகளும், திறந்த தந்திகளும் இப்போது கரகரக்கின்றன. மேல் ஃபிரெட்டுகளில் குறை எதுவும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சரியாகுமா, அல்லது நான் எதையாவது கெடுத்துவிட்டேனா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

அளவுகோல்:

நண்பரே, இனி இறுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், கழுத்து முற்றிலும் நேராகியிருக்க வேண்டும், அல்லது பின்னோக்கி வளைந்திருக்க வேண்டும். இரண்டில் எது என்பதை அளந்து பார்த்த பிறகே சாவியை மீண்டும் கையில் எடுக்க வேண்டும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். 12ஆம் ஃபிரெட்டில் நீங்கள் அளந்தது ஆக்‌ஷன், அதாவது தந்தியின் உயரம். ட்ரஸ் ராட் நேரடியாக மாற்றுவது அதை அன்று. கழுத்தின் நீளவாக்கில் இருக்கும் மெல்லிய முன்வளைவைத்தான், அதாவது ரிலீஃபைத்தான் அது மாற்றுகிறது. வளைவு குறையும்போது உயரமும் சற்றே இறங்குவதால் இரண்டும் ஒன்றெனத் தோன்றுகிறது. இந்தத் தோற்றமே பலரையும் ஏமாற்றுகிறது.

வளைவை அளக்கும் முறை இதுதான். வழக்கமாக வாசிக்கும் சுருதிக்குத் தந்திகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். தந்திகள் தளர்ந்திருக்கும்போது எடுக்கும் அளவுக்குப் பொருளே இல்லை. கிதாரை வாசிக்கும் நிலையில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்; மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்தால் கழுத்தின் எடையே அளவை மாற்றக்கூடும். முதல் ஃபிரெட்டில், எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போவைப் பூட்டி, கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டில் (உங்கள் கிதாரில் பெரும்பாலும் 14ஆவது) கனத்த ஈ தந்தியை விரலால் அழுத்துங்கள். இரு முனைகளிலும் ஃபிரெட்டைத் தொட்டு நிற்கும் தந்தி இப்போது ஒரு நேர்கோல் ஆகிவிடுகிறது. நடுவில், ஏழாவது அல்லது எட்டாவது ஃபிரெட்டின் உச்சிக்கும் தந்திக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள்.

ஃபீலர் கேஜ் (பருமன் குறித்த மெல்லிய தகடுகளின் தொகுப்பு) இருந்தால் அதன் தகட்டை நுழைத்துப் பாருங்கள். தந்தியை அசைக்காமல் உரசிச் செல்லும் தகட்டின் பருமன்தான் உங்கள் ரிலீஃப். தகடு தந்தியைச் சற்றே தூக்கினாலும் கணக்குப் பிழையாகிவிடும். கேஜ் இல்லையென்றால், கழித்துப்போட்ட முதல் தந்தியின் துண்டு ஒன்று போதும். 12 அளவுத் தொகுப்பின் முதல் தந்தி (அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு) 0.3 மி.மீ. பருமன் கொண்டது; மின்கிதாரின் 10 அளவுத் தொகுப்பில் அது 0.25 மி.மீ. இப்படித் துல்லியமாக அளவு குறிக்கப்பட்ட எஃகுக் கம்பியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு விசிட்டிங் கார்டைத் தேடுவோரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

இதையே மெல்லிய ஈ தந்தியிலும் செய்யுங்கள். இரு பக்கத்து அளவுகளும் பெரிதும் வேறுபட்டால் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கலாம். முறுக்கை ட்ரஸ் ராடால் எடுக்க முடியாது. அளவுகளை இங்கே எழுதுங்கள்.

செவிவழி:

இருபது ஆண்டுகளாகக் கேஜ் எதையும் தொடாமல் என் கிதார்களைப் பார்த்துக்கொள்கிறேன். புதுவிரல் அவர்கள் செய்ய வேண்டியது மிக எளிது: திருகிய அரைச் சுற்றில் பாதியை இடஞ்சுழியாகத் திருப்பி, தந்திகளை மீண்டும் சுருதி சேர்த்து, வாசித்துக் கேட்க வேண்டும். கரகரப்பு போகாவிட்டால் மீதிப் பாதியையும் திருப்ப வேண்டும். எண்கள் கிதாரை வாசிப்பதில்லை.

அளவுகோல்:

செவிவழி அவர்கள் சொல்லும் முறையால் இந்தக் கரகரப்பு நீங்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் உயரம் ஏன் அதிகமாக இருந்தது என்ற முதல் கேள்விக்கு அது விடை தராது. தொடங்கிய இடத்துக்கே புதுவிரல் திரும்பிச் சேர்ந்திருப்பார். விரல் வலியும் திரும்பி வந்திருக்கும்.

செவியையும் அளவையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. கரகரப்பு எங்கே கேட்கிறது என்பதே பாதி நோயறிதல். திறந்த தந்தியில் மட்டும் கேட்டு, எந்த ஃபிரெட்டை அழுத்தினாலும் மறைந்துவிட்டால், தலைப்பக்க நட்டில் (தந்திகள் கழுத்தின் மேல் ஏறும் பள்ளமிட்ட துண்டில்) அந்தத் தந்திக்குரிய பள்ளம் ஆழமாகிவிட்டது என்று ஐயப்பட வேண்டும். திறந்த தந்தியோடு முதல் நான்கைந்து ஃபிரெட்டுகளிலும் கேட்டால் கழுத்து பின்வளைந்திருக்கிறது என்றோ, போதிய முன்வளைவு இல்லை என்றோ கருதலாம். கழுத்தின் நடுப்பகுதியில் தந்தி உயரமாகவும், 12க்கு மேற்பட்ட ஃபிரெட்டுகளில் கரகரப்பாகவும் இருந்தால் முன்வளைவு மிகுந்திருக்கலாம். ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் கேட்டால் ட்ரஸ் ராடின் பக்கமே போகக் கூடாது. அடுத்த ஃபிரெட் மேலெழும்பியிருக்கிறதா, அழுத்தும் ஃபிரெட் தேய்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

நேரான கழுத்தே சிறந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். மீட்டப்பட்ட தந்தி ஓர் இடத்தில் நின்று அதிர்வதில்லை. இரு முனைகளிலும் ஒடுங்கி நடுவில் பருத்த ஒரு கதிர் வடிவத்தில் அது வீச்சுக்கொள்கிறது. திறந்த தந்தியில் அந்தப் பருத்த இடம் 12ஆம் ஃபிரெட்டுக்கு மேலே அமைகிறது. கழுத்தில் விடும் மெல்லிய குழிவு அந்த வீச்சுக்கு இடம் கொடுப்பதற்காகவே. மென்மையாக மீட்டுபவருக்கு 0.1 மி.மீ. போதுமானதாக இருக்கலாம், வலிய கையால் கார்டுகளை அடித்து வாசிப்பவருக்கு 0.3 மி.மீ. தேவைப்படலாம். இந்த இடத்தில் செவிவழி அவர்கள் சொல்வது சரி: இறுதி முடிவு கைக்கும் காதுக்கும் உரியது.

மரத்தூள்:

மரவேலையும் கிதார் பழுதுபார்ப்பும் செய்பவன் என்ற முறையில், சாவியைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். என் மேசைக்கு வரும் ட்ரஸ் ராட் சிக்கல்களில் கழுத்தைவிட, சாவி பொருந்தும் மரையின் தலைதான் அதிகமாகக் கெட்டிருக்கிறது.

ஆலன் சாவிகள் அங்குல அளவிலும் மி.மீ. அளவிலும் வருகின்றன. அங்குலத்தின் அரைக்கால் பங்கு (1/8) என்பது 3.175 மி.மீ.; அந்தக் குழியில் 3 மி.மீ. சாவி நுழையும், ஆனால் ஆடும். ஆடும் சாவியை அழுத்தித் திருகினால் குழியின் அறுகோண மூலைகள் மழுங்கிவிடும். மழுங்கிய பின் மரையை வெளியே எடுப்பது, கழுத்தைச் சரிசெய்வதைவிடப் பல மடங்கு கடினமான வேலை. சாவி அடிவரை இறங்கி, அசைவின்றிப் பிடிக்கிறதா என்பதை உறுதிசெய்யாமல் விசை கொடுக்கக் கூடாது.

அடுத்தது, திருகும் அளவு. ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்று, மிஞ்சினால் கால் சுற்று. அதன் பிறகு சுருதி சேர்த்து மீண்டும் அளக்க வேண்டும். சில கழுத்துகள் உடனே அசையும். சில அடுத்த நாள் வரை மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். இறுக்குவதற்கு முன் கால் சுற்றுத் தளர்த்திப் பார்ப்பது என் வழக்கம். மரை விடுபட்டு இயங்குகிறதா, பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். இறுக்கும்போது நடுத் தந்திகளைத் தளர்த்திக்கொண்டால் ராடின் மீதான சுமை குறைகிறது.

மரை கடினமாக எதிர்த்தாலோ, திருகியும் வளைவு மாறாவிட்டாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். தொழில் கற்கத் தொடங்கிய காலத்தில், பழைய கிதார் ஒன்றில் இன்னும் சிறிது வரும், இன்னும் சிறிது வரும் என்று நானே இறுக்கிக்கொண்டே போய், மரத்துக்குள் ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்டு, சாவி கையில் எடையின்றிச் சுழன்றது இன்றும் நினைவிருக்கிறது. ராடின் மரை அறுந்திருந்தது. ஃபிரெட் பலகையைச் சூடாக்கி உரித்தெடுத்து, ராடை மாற்றி, மறுபடி ஒட்டி முடிக்க மூன்று வாரங்கள் ஆயின. கிதாருக்கு உரியவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

நைலான்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னுடைய கிளாசிக்கல் கிதாரில் தலைப்பகுதியிலும் ஒலித்துளைக்குள்ளும் தேடிப் பார்த்துவிட்டேன். திருகுவதற்கு எதுவுமே இல்லை. எனக்குக் கிடைத்தது குறைபட்ட கருவியா?

மரத்தூள்:

குறை எதுவும் இல்லை. பெரும்பாலான கிளாசிக்கல் கிதார்களில் ட்ரஸ் ராட் வைப்பதில்லை. 12 அளவு எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட எடையின் விசையோடு கழுத்தை முன்னோக்கி இழுக்கின்றன. நைலான் தந்திகளின் இழுவை ஏறத்தாழ அதில் பாதிதான். அகலமும் பருமனும் கூடிய கழுத்து அந்த இழுவையைத் தானே தாங்கிக்கொள்கிறது. தேவையான முன்வளைவைச் செய்பவர்கள் ஃபிரெட் பலகையை இழைக்கும்போதே அமைத்துவிடுகிறார்கள்.

எஃகுத் தந்திக் கிதார்களிலும் திருகக்கூடிய ராட் தொடக்கம் முதலே இருந்ததில்லை. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தேடியஸ் மெக்ஹ்யூ அதற்கான காப்புரிமையை 1923இல் பெற்றார். மார்ட்டின் நிறுவனமோ நெடுங்காலம் எஃகுச் சட்டத்தைக் கழுத்துக்குள் பதித்து, வளையாமல் காப்பதை மட்டுமே செய்துவந்தது. திருகக்கூடிய ராடை 1985இல்தான் தன் கிதார்களில் வைக்கத் தொடங்கியது. ஆகவே பழைய மார்ட்டின் கிதாரில் மரையைத் தேடிக் களைத்துப்போவோரும் உங்களைப் போலவே குழம்புகிறார்கள்.

புதுவிரல்:

அனைவருக்கும் நன்றி. சுருதி சேர்த்து, கிதாரை மடியில் வைத்து, முதல் ஃபிரெட்டில் கேப்போ பூட்டி, 14ஆம் ஃபிரெட்டை அழுத்திப் பார்த்தேன். கனத்த ஈ தந்தி ஏழாம் ஃபிரெட்டின் மேல் படிந்தே கிடக்கிறது; 0.05 மி.மீ. தகடுகூட நுழையவில்லை. மெல்லிய ஈ தந்தியிலும் அப்படியே. மரத்தூள் அவர்கள் சொன்னபடி அரைக்கால் சுற்று, அரைக்கால் சுற்றாக மூன்று முறை இடஞ்சுழியாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்து அளந்தேன். மூன்றாவது முறைக்குப் பின் ஓர் இரவு விட்டு இன்று காலை பார்த்தபோது கனத்த பக்கம் 0.2 மி.மீ., மெல்லிய பக்கம் 0.18 மி.மீ. இருந்தது. கீழ் ஃபிரெட்டுகளின் கரகரப்பு முழுமையாகப் போய்விட்டது.

ஆனால் 12ஆம் ஃபிரெட்டில் உயரம் மறுபடி ஏறிவிட்டது. கனத்த ஈ 3.1, மெல்லிய ஈ 2.6 மி.மீ. அப்படியானால் நான் கைவைப்பதற்கு முன்பே கழுத்து ஏறக்குறைய சரியாகத்தான் இருந்ததா?

அளவுகோல்:

ஆம், கழுத்தின் மேல் குற்றமில்லை. இப்போதைய வளைவுக்கு 3.1 என்றால், முதலில் இருந்த 3.2க்கு வளைவு 0.25 மி.மீ. அளவில்தான் இருந்திருக்க வேண்டும். எஃகுத் தந்திக் கிதாருக்கு அது சிறிதும் மிகையன்று. உயரத்துக்கான காரணத்தைத் தந்தியின் மறுமுனையில், உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் பக்கம் தேட வேண்டும்.

அங்கே இரண்டு வாய்ப்புகள் உள்ளன. பிரிட்ஜில் பதித்து, தந்திகள் ஏறி நிற்கும் சாடில் துண்டு மட்டும் உயரமாக இருந்தால் தீர்வு எளிது. கழுத்து உடலோடு சேரும் கோணமே மாறியிருந்தால் தீர்வு கடினம். எந்தக் கோணத்தில் கழுத்து ஒட்டப்பட்டிருக்கிறது என்பதற்கும் அது எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, கோணத்தின் குறையை ட்ரஸ் ராடால் தீர்க்க முயல்வதால்தான் நல்ல கழுத்துகள் பின்வளைக்கப்படுகின்றன. கண்டறிய, நீண்ட எஃகு அளவுகோலின் நேர்விளிம்பைக் கழுத்தின் நடுவில், ஃபிரெட்டுகளின் மேல் படியுமாறு வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். அதன் முனை பிரிட்ஜ் மரத்தின் மேற்பரப்பை ஒட்டியோ, இழையளவு மேலாகவோ நின்றால் கோணம் நன்றாக இருக்கிறது. பிரிட்ஜின் முகத்தில், மேற்பரப்புக்குக் கீழே முட்டினால் கோணம் தாழ்ந்துவிட்டது. முட்டும் இடம் மிகவும் கீழே இருந்தால் கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்தும் வேலை வரும், அதை வீட்டில் முயல வேண்டாம்.

கோணம் நன்றாக இருந்தால் சாடிலைத் தேய்க்கலாம். 12ஆம் ஃபிரெட் ஏறத்தாழத் தந்தியின் நடுவில் இருப்பதால், அங்கே 0.5 மி.மீ. குறைய வேண்டுமானால் சாடிலில் அதைப் போல இரு மடங்கு, அதாவது 1 மி.மீ. தேய்க்க வேண்டும். மேற்பகுதியைத் தொடாமல் அடிப்பகுதியைத்தான் தேய்க்க வேண்டும். மேலே செதுக்கப்பட்ட வடிவம் சுருதித் துல்லியத்துக்காக அமைந்தது. சமதளமான பலகையில் உப்புத்தாளை ஒட்டி, சாடிலைச் செங்குத்தாகப் பிடித்துத் தேயுங்கள். அடி கோணலானால் ஒலி மங்கும். அடியில் பிக்கப் (அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் கருவி) பதித்திருந்தால் தந்திகளுக்கிடையே ஒலியளவும் ஏறுமாறாகும்.

மின்னிசை:

என் மின்கிதாரில் 10 அளவுத் தந்திகளை எடுத்துவிட்டு 9 அளவு பூட்டியதும், புதுவிரல் அவர்கள் சொன்ன அதே கரகரப்பு வந்தது. திருகுக்கே நான் போகவில்லை. காரணம் இதுவேதானா? என் கிதாரில் ட்ரஸ் ராட் மரை தலையிலும் தென்படவில்லை.

அளவுகோல்:

அதே காரணம்தான், வேறு வழியாக வந்திருக்கிறது. மெல்லிய தந்திகளின் இழுவை குறைவு. ராடின் விசை மாறவில்லை. எனவே கழுத்து பின்னோக்கிப் போய்விட்டது. இடஞ்சுழியாகச் சிறிது தளர்த்தினால் போதும். ஃபெண்டர் நிறுவனம் தன் மின்கிதார்களுக்கு, முதல் ஃபிரெட்டில் கேப்போ பூட்டிக் கடைசி ஃபிரெட்டை அழுத்தி, எட்டாம் ஃபிரெட்டில் பார்க்கும்போது, ஃபிரெட் பலகையின் குறுக்குவாக்கு வளைவாரம் 7.25 அங்குலமானால் 0.3 மி.மீ., 9.5 முதல் 12 அங்குலமானால் 0.25, 15 முதல் 17 அங்குலமானால் 0.2 என்று அளவு கொடுத்திருக்கிறது. அங்கிருந்து தொடங்கி உங்கள் கைக்கு ஏற்றபடி நகரலாம். தலையில் மரை இல்லையென்றால் கழுத்தின் அடிமுனையில் இருக்கக்கூடும். பழைய பாணிக் கிதார்களில் அதை எட்ட, தந்திகளைத் தளர்த்திக் கழுத்தின் திருகாணிகளையும் விடுவிக்க வேண்டியிருக்கும்.

செவிவழி:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இன்று அளந்த எண்ணைச் சுவரில் எழுதி வைக்க வேண்டாம். காற்றில் ஈரம் கூடினால் அக்கூஸ்டிக் கிதாரின் மேற்பலகை ஊதி பிரிட்ஜையே தூக்கும். கழுத்தைத் தொடாமலே உயரம் ஏறும். காற்று வறண்டால் மேற்பலகை அமிழும், ஃபிரெட் பலகை சுருங்கி ஃபிரெட் முனைகள் விரலைக் கீறும். ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருக்கும் நாளில் அளப்பது நல்லது. அளக்கவே மாட்டேன் என்று சொன்ன நான் இதைச் சொல்வதைப் பார்த்து அளவுகோல் அவர்கள் நகைக்கலாம்.

அளவுகோல்:

நகைக்கவில்லை, குறித்துக்கொண்டேன். புதுவிரல் அவர்களே, சாடிலைத் தேய்ப்பதற்கு முன் ஈரப்பதத்தையும் ஒருமுறை பாருங்கள்; ஈரத்தால் ஊதிய மேற்பலகைக்கு ஏற்பத் தேய்த்துவிட்டு, பிறகு அது அமிழ்ந்தால் வேறு சாடில்தான் செய்ய வேண்டியிருக்கும்.

புதுவிரல்:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். அறையின் ஈரப்பதம் 52 விழுக்காடு. எஃகு அளவுகோலின் முனை பிரிட்ஜின் மேற்பரப்பை ஒட்டியே நின்றதால் கோணத்தில் குறையில்லை என்று தெளிந்தேன். சாடில் பிரிட்ஜுக்கு மேலே கிட்டத்தட்ட 5 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. பென்சிலால் கோடிட்டு, பதற்றத்தில் பத்து முறை எடுத்துப் பார்த்து, 1 மி.மீ. மட்டும் தேய்த்தேன். இப்போது கனத்த ஈ 2.6, மெல்லிய ஈ 2.1. ரிலீஃப் 0.2 இலேயே நிற்கிறது. பார் கார்டு பிடிக்கும்போது இதே கிதார்தானா என்று இருக்கிறது.

ஒரே ஒரு குறை மிச்சமிருக்கிறது. மூன்றாவது தந்தியைத் திறந்து மீட்டினால் மட்டும் மெல்லிய கரகரப்பு கேட்கிறது. முதல் ஃபிரெட்டை அழுத்தினாலே போய்விடுகிறது. முன்பு உயரம் இதை மறைத்திருந்தது போலும்.

மரத்தூள்:

அந்தத் தந்தியை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை அளவுக்காவது இடைவெளி தெரிய வேண்டும். தந்தி ஃபிரெட்டில் ஒட்டிக் கிடந்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது என்று பொருள். நிரந்தரத் தீர்வு நட்டை மாற்றுவது அல்லது பள்ளத்தை நிரப்பி மறுபடி வெட்டுவது. அதுவரை பள்ளத்தில் தந்திக்கு அடியில் சிறு காகிதத் துண்டு ஒன்றை வைத்து வாசிக்கலாம். ஆலன் சாவியைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.